நீலச் சட்டையில் பட்ட சூடு

“மூணு நாளாத் தேய்க்கிறேன்மா. போக மாட்டேங்குது.”

ஆண்டியப்பன் போர்வையை அடுப்படியில் நின்றிருந்த குருவின் முன் விரித்தார். இறந்துபோன ஒரு பையனின் சட்டைகளை வெட்டி, ஆசிரமத்துத் தையல்கூடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை. நடுவில் சட்டைப்பையோடு சேர்த்து வெட்டிய நீலத் துண்டு. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பாய்ப் பதிந்திருந்தது.

பையனின் தாய் செல்லத்தாயி அதை வாங்கிப்போக இன்றைக்கு வருகிறாள்.

குரு தெய்வானைக்கு ஆண்டியப்பனின் மகள் வயதுதான் இருக்கும். குனிந்து பார்த்தார்.

“என்ன போட்டீங்க?”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வெயில்ல போட்டேன். சோப்பு போட்டேன். கை ஓஞ்சுபோச்சும்மா.”

“அழுக்குன்னா போயிருக்கும். இது நூலே கருகினது.”

அது ஆண்டியப்பனுக்குத் தெரியாதா என்ன? ஆசிரமத்துக்கு வருமுன் முப்பது வருஷம் தெருமுனையில் இஸ்திரி போட்டவர். ஊரார் துணி ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. சுட்டதுதான் சுட்டார், இதையா சுடவேண்டும்?

மடியிலிருந்து வேறொரு நீலத் துணியை எடுத்தார். நிறம் அச்சாகப் பொருந்தியது.

“இதை வெச்சு மாத்தித் தைச்சிடட்டுமா? அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது.”

தெய்வானை அதை வாங்கினார். நாலாக மடித்தார். அடுப்பில் பொங்கிய பால் பாத்திரத்தை அதனாலேயே பிடித்து இறக்கிவைத்தார். துணியெல்லாம் கரி.

“ஐயோ, அம்மா!”

“வாசல்ல அவங்க வந்தாச்சு. போர்வையை எடுத்துட்டுப் போங்க.”

ஆண்டியப்பன் போர்வையை மடித்தார். பெற்றவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆனாலும் போனார்.

செல்லத்தாயி ஒவ்வொரு துண்டாகத் தடவிக்கொண்டே வந்தாள். நீலத்துக்கு வந்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“நான்தான் சுட்டுட்டேன், தாயி. பை ஓரத்துல பேனா மை கசிஞ்சிருந்துச்சு. புள்ள என்ன எழுதிட்டிருந்தானோன்னு நினைச்சேன். கை அப்படியே நின்னுபோச்சு.”

அவள் அந்தப் பை ஓரத்தில் விரலை வைத்தாள். பிறகு போர்வையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா அவன் பேச்சை எடுத்தாலே எல்லாரும் எந்திரிச்சு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுறாங்க, ஐயா. அவனை நினைச்சு ஒரு கையாவது நின்னுச்சே.”