இறால் தொக்கு

உப்பங்கழிக் கரையில் ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது. அதற்கு வெள்ளையடித்து, நாலு ஜன்னல் வைத்து, மனிதாபிமான உதவிப்பணியில் முதுகலை சொல்லிக்கொடுக்கும் துறையாக மாற்றியிருந்தார்கள். மழை விட்ட பகல்களில் நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பாதிப் பாடத்தைக் கனவில்தான் கேட்பார்கள்.

பேராசிரியர் மெஹருன்னிசாவுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் படித்த சவரிநாதனுக்கு ஐம்பத்திரண்டு. வெள்ளம், புயல் என்றால் முதல் லாரியில் ஏறிப்போய் நிவாரணப் பொருள் கொடுத்தே இருபத்தாறு வருஷம் கழித்த மனிதர். இனிமேல் பட்டம் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்று அவருடைய தொண்டு நிறுவனம் சொல்லிவிட்டது. பேரன் எடுக்கும் வயதில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆய்வேட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

அன்று செவ்வாய். சவரிநாதன் படகில் வந்து இறங்கினார். பையில் ஆய்வேட்டுடன், புயலில் அடிபட்ட குருவித்திட்டு என்ற தீவில் வீடு வீடாகப் போய் நிரப்பிய நாற்பத்தொரு வினாப்படிவங்கள் இருந்தன. மனைவி ஆரோக்கியம் கொடுத்தனுப்பிய ஒரு பாட்டில் இறால் தொக்கும் இருந்தது. பையில் இல்லாத ஒன்று நெஞ்சில் இருந்தது. ஆரோக்கியத்துக்கு வியாழக்கிழமை கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் கூட இருக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. இரண்டு வாரம் தவணை கேட்க வேண்டும். வழியெல்லாம் அதை எப்படிக் கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். படகோட்டி அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்துத் துடுப்பை மெதுவாகப் போட்டான்.

ஆனால் உட்கார்ந்ததும் வாயில் வந்தது வேறு.

"மேடம், புயல்ல குருவித்திட்டுல ஒரு கூரை மிஞ்சல. என்ன வேணும்னு கேட்டா நாப்பத்தொரு வீட்லயும் ஒரே பதில்தான். ஒரு குறையும் இல்லயாம். என்கிட்ட ஏன் மறைக்கிறாங்க?"

படிவம் காலியாகப் போனால் அந்தத் திட்டுக்கு ஒரு தார்ப்பாய்கூடப் போகாது. மழைக்காலம் இன்னும் முடியவில்லை. அதையும் சொன்னார்.

பேராசிரியர் ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார். அதன் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினார். சவரிநாதன் மிகவும் பெருமையாக எழுதிய இடம் அது. திட்டு மக்கள் அவித்த பனங்கிழங்கு கொடுத்தார்களாம், சுட்ட கருவாடு கொடுத்தார்களாம், வீட்டுக்கு வீடு டீ நீட்டினார்களாம். பாதிக்கப்பட்டவர்களிடம் எதையும் வாங்கக் கூடாது என்ற விதிப்படி ஒரு மிடறு தண்ணீர்கூட நாவில் படாமல் பார்த்துக்கொண்டாராம். பேராசிரியர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

தவணை கேட்க இதுதான் நல்ல நேரம் என்று நினைத்து, சவரிநாதன் தொக்கு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டுக்காரி கைப்பக்குவம் என்றார்.

"வேண்டாம் சார். வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

சிரித்த முகமாகத்தான் சொன்னார். பாட்டில் பைக்குள் போய்விட்டது.

தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இறக்கையில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, இரண்டு நிமிஷத்தில் முடுக்கித் தருகிறேன் என்று சவரிநாதன் எழுந்தார். பரவாயில்லை, நீங்கள் உட்காருங்கள் என்றார் பேராசிரியர்.

சற்று நேரத்தில் பென்சில் முனை ஒடிந்தது. சவரிநாதன் தன் பேனாவை நீட்டினார். என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் மேசையின் மூன்று இழுப்பறைகளையும் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. ஒடிந்த பென்சிலையே எடுத்துக்கொண்டார். நீட்டிய பேனா நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

சவரிநாதனுக்கு வலித்தது. இதற்கெல்லாம் வலிக்குமா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பூநாரைகள் நின்றன. அவற்றின் காலுக்குக் கீழே தண்ணீரும் இல்லை, தரையும் இல்லை, வெறும் வெண்மைதான் இருந்தது. வந்த படகைக் காணவில்லை. தான் எதற்காக வந்தோம் என்பதும் அந்த வெண்மைக்குள் கரைந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

பேராசிரியர் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துவைத்துக்கொண்டார். குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சார்? ஏதாவது உதவி வேணுமா?"

"ஒரு குறையும் இல்ல மேடம்."

வார்த்தை தானாக வந்துவிட்டது. கை அதற்குள் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தது.

பாதி ஜிப்பில் கை நின்றது. குருவித்திட்டின் முதல் வீட்டுக்காரி சாலாட்சி கண்முன் வந்தாள். கூரையில்லாத வீட்டின் வாசலில் நின்று டீ டம்ளரை நீட்டுகிறாள். அவர் வேண்டாம் என்று கையசைக்கிறார். அவள் டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, முந்தானையால் விளிம்பைத் துடைக்கிறாள். பிறகு இவர் படிவத்தைப் பிரித்துக் கேட்கிறார். அவளும் இதே முகத்தோடு, இதே வார்த்தையைச் சொல்கிறாள். அவளுக்குப் பின்னால் நாற்பது வாசல்கள்.

மின்விசிறி ஆடிக்கொண்டே இருந்தது. சவரிநாதனின் கண்ணில் நீர் முட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

பேராசிரியர் பென்சிலைக் கீழே வைத்தார். வெள்ளைத் தாளை ஓரமாகத் தள்ளினார். மேசைக்கு மேலே கையை நீட்டி, திறந்தபடியே வைத்துக்கொண்டிருந்தார்.

சவரிநாதன் ஜிப்பைத் திறந்து பாட்டிலை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

பேராசிரியர் மூடியைத் திருகினார். உள்ளங்கையில் கொஞ்சம் கவிழ்த்து, நாவில் வைத்து, கண்ணை மூடி மெதுவாகச் சாப்பிட்டார். நெற்றி வியர்த்தது. விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"காரம் கொஞ்சம் தூக்கல்," என்றார். "இப்ப சொல்லுங்க சார். வீட்ல என்ன?"