ரெண்டாவது அடி

ஞானாபரணத்துக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, நின்று எரிந்தது.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குப் பாடும் பாட்டில் முதல் இரண்டு அடிகளை ஒருவர் தனியாகப் பாட வேண்டும். கொயரில், அதாவது பாடகர் குழுவில், மற்றவர்கள் பிறகுதான் சேர்ந்துகொள்வார்கள். வருஷாவருஷம் அந்த ஒருவர் ஞானாபரணம்தான். இந்த வருஷம் கொயரை நடத்தும் எமிலி டீச்சர் அதைத் தூக்கி வேதமுத்துவுக்குக் கொடுத்துவிட்டார். வேதமுத்து வெல்டிங் பட்டறைக்காரன். அதுவும் திக்குவாய்.

டீச்சர் வயதில் சின்னவர். ஆனாலும் பாட்டில் அவர்தான் குரு. அவர் கையசைத்தால்தான் ஞானாபரணம் மூச்சே எடுப்பார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பின்வரிசையில் போய் நின்றார்.

வேதமுத்து ஒரு டீ சொல்லி முடிப்பதற்குள் டீக்கடைக்காரருக்கே வியர்த்துவிடும். அப்பேர்ப்பட்டவன் பாட வாயைத் திறந்தால் ஓர் எழுத்து தட்டாது. இது என்னய்யா நியாயம்? ஞானாபரணம் இன்சூரன்ஸ் ஏஜென்ட், பேசியே சோறு சாப்பிடுகிறவர். அவருக்கு இது நடிப்பென்றே பட்டது. ஒத்திகையில் அவன் பாடும்போதெல்லாம், எங்கேயாவது திக்கித் தொலையேன் என்று கோவிலுக்குள் நின்றே வேண்டிக்கொண்டார். கர்த்தர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போதாததற்கு, ஒத்திகை முடிந்ததும் அவன் இவர் பின்னாலேயே வந்தான்.

"அ... அண்ணாச்சி, ரெ... ரெண்டாவது..."

"ரெண்டாவது அடி நல்லா இருந்துச்சு. போதுமா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் வந்தான். "நீ... நீங்க..." என்று ஆரம்பித்தான். நான் பின்னால நிக்கணும், அதானே, நிக்கேன் என்று அவரே முடித்துவைத்தார். ஜெயித்தவன் வந்து குத்திக் காட்டுகிறான் என்று இரவெல்லாம் புரண்டார்.

கடைசி ஒத்திகையன்று அவரால் தாங்க முடியவில்லை. எல்லாரும் வெளியே போனபின் ஆர்மோனியத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏன் டீச்சர் அவனுக்குக் குடுத்தீங்க?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அது வந்து அண்ணாச்சி..." என்று சொல்லி நிறுத்தினார்.

"பாவம் பார்த்துட்டீங்க. திக்குவாய்னு."

"அவன் குரல்..."

"என் குரல் போச்சுங்கீங்க. வயசாயிட்டுன்னு நேராவே சொல்லுங்களேன்."

"சபையில எல்லாரும்..."

"என்னைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுட்டாங்க. தெரியும் டீச்சர்."

டீச்சர் ஆர்மோனியத்தை மூடினார். அதன் மேல் துணியைப் போட்டார். அப்புறம்தான் பேசினார்.

"நான் மூணு தடவை வாயைத் திறந்தேன் அண்ணாச்சி. இன்னும் ஒண்ணுமே சொல்லலை. சொன்னதெல்லாம் நீங்கதான்."

ஞானாபரணத்துக்கு முகம் சுண்டிப்போனது. அப்படியானால் டீச்சர் சொல்ல வந்தது என்ன என்று கேட்டார்.

"எனக்கென்ன அவசரம். வேதமுத்து ஒரு பேச்சை வச்சுக்கிட்டு உங்க பின்னால அலையுதான். மொதல்ல அதை முழுசாக் கேட்டுட்டு வாங்க."

வெளியே வேப்பமரத்தடியில் வேதமுத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இவரைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"அ... அண்ணாச்சி, ரெ... ரெ... ரெண்டாவது அடி..."

பதில் ஞானாபரணத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அவன் கண்ணை மூடினான், கழுத்து நரம்பு புடைத்தது, வார்த்தை வரவில்லை. ஒருவன் பேசி முடிக்க இவ்வளவு நேரம் காத்திருப்பது அவருக்குப் பழக்கமே இல்லாத வேலை. ஆனாலும் நின்றார்.

"ரெண்டாவது அடி நீ... நீங்க பாடணும். எ... எனக்கு மொ... மொத அடி போதும். டீ... டீச்சர்ட்ட பாட்டைக் குடுத்த அன்னைக்கே கே... கேட்டுட்டேன். உங்ககிட்ட நா... நானே சொல்லணும்னாங்க."

ஞானாபரணம் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி திறந்தார்.

வேதமுத்து சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டான். அவசரப்படுத்தாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.