முருங்கைக்கு வந்த விருந்தாளி

நகரப் பூங்காவின் தாமரைக் குளத்தருகே ஓர் ஆமையும் ஓர் அணிலும் நட்புக் கொண்டு வாழ்ந்தன. ஆமையின் பெயர் கமடன். அணிலின் பெயர் வரியன்.

ஐப்பசி பிறந்து முதல் மழை ஓய்ந்ததும் வடதிசைப் பறவைகள் அங்கு வந்திறங்கும். அவற்றைக் காண மனிதர் சிலர் தொலைநோக்கியோடு விடியலிலேயே வருவர். அதைப் பார்த்துப் பார்த்து இவ்விரு நண்பருக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. காலைதோறும் கமடன் கரைக்கல்லின்மேல் ஏறி அமரும். வரியன் புங்கமரத்தில் ஏறி நிற்கும். வந்திருப்பது யார் என்று முதலில் சொல்பவருக்கே வெற்றி!

அன்றும் ஆட்டம் தொடங்கியது.

"ஓய் கமடரே! அதோ வாலாட்டிக் குருவி! இமயத்திலிருந்து வந்த களைப்பிலும் வால் ஓய்கிறதா பாரும்!"

"பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். சேற்றில் நடந்தும் மார்பில் ஒரு பொட்டு அழுக்கில்லை. என்ன ஆசாரம்!"

"நீர் ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் நான் ஒன்பதைப் பார்த்துவிடுவேன். இராமபிரான் திருக்கரம் தடவிய முதுகு, ஐயா, இது!"

"இருக்கட்டும் அப்பனே! அந்தப் பெருமானே எங்கள் உருவெடுத்து மலையைச் சுமந்தான். அதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிகிறேன்?"

வரியன் மறுமொழி தேடுவதற்குள், பக்கத்து முருங்கையில் ஒரு பறவை வந்து அமர்ந்தது. சாம்பல் முதுகு. வரியோடிய மார்பு. பட்டை போட்ட வால்.

"வல்லூறு! வல்லூறு! ஓடுங்கள்!" என்று வரியன் அலறியது.

புல்வெளியில் ஈசல் தின்றுகொண்டிருந்த மைனாக்கள் பதறிப் பறந்தன. வந்த பறவையோ ஒன்றும் புரியாமல் விழித்தது. பிறகு, கிளையில் அப்பியிருந்த கம்பளிப்பூச்சிகளில் நான்கை நிதானமாகத் தின்றது. நன்றாயிருந்தது என்பதுபோல் அலகைத் துடைத்துக்கொண்டு பறந்து போயிற்று.

"அது அக்காக்குயில்," என்றது கமடன். "வல்லூற்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு பிறந்த சாது. கம்பளிப்பூச்சி என்றால் அதற்கு உயிர்."

மைனாக்கள் திரும்பி வந்தன. ஈசல்கள் திரும்பி வரவில்லை.

"வரியாரே! அடுத்து என்ன? தட்டான் வந்தால் கருடன் என்பீரோ?" என்றது ஒரு மைனா.

"கூப்பிய கையோடு சேவிக்கவும் சொல்வார்!" என்றது மற்றொன்று.

வரியன் வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

சற்று வெயில் ஏறியது. அதே முருங்கைக்கு ஒரு பறவை வந்தது. அதே சாம்பல் முதுகு. அதே வரி மார்பு. முகத்தை மட்டும் இலைகள் மறைத்திருந்தன.

"வரியா, பொறு! அலகு தெரியட்டும்," என்றது கமடன்.

"மறுபடியும் நான் அலறினால் அந்த மைனாக்கள் மார்கழி வரை சிரிக்கும்! நானே சென்று மன்னிப்புக் கேட்டு வருகிறேன்," என்று சொல்லி வரியன் முருங்கைக்குத் தாவியது.

"ஐயா! சற்று முன் தங்களை வல்லூறு என்று சொல்லிவிட்டேன். பொறுத்தருள வேண்டும்!"

பறவையின் கண்கள் மின்னின. "அடடா! என்னையா அப்படிச் சொன்னாய்? எனக்குக் காது மந்தம், குழந்தாய். அருகில் வந்து சொல்."

அருகே அழைக்கும் தந்திரம் கமடனுக்குப் புரிந்துவிட்டது. எச்சரித்தால் வரியன் நம்பாது. கிளையில் இன்னும் இரண்டு முழ இடைவெளியே இருந்தது.

"வரியா! விருந்தாளியை ஒரு பாட்டுப் பாடச் சொல்!"

"மழைக்காலத்தில் நான் பாடுவதில்லை. மௌன விரதம்," என்றது பறவை.

"கேட்டீரா கமடரே? எத்தனை அடக்கம்!" என்று வரியன் மேலும் ஓரடி வைத்தது.

"நல்லது! விரதம் பாட்டுக்குத்தானே? சாப்பாட்டுக்கு இல்லையே? அவர் காலடியில் கொழுத்த கம்பளிப்பூச்சி இருக்கிறது. ஒன்றே ஒன்று அமுது செய்யட்டும்!"

பறவை குனிந்து பார்த்தது. அதன் முகம் கோணிற்று.

"சீச்சீ! இந்த மயிர் உருண்டையை யார் தின்பார்?"

வரியனின் ரோமம் சிலிர்த்தது. முன்பு வந்தவர் நான்கு தின்றாரே! குனிந்த முகத்தில் கொக்கிபோல் வளைந்த அலகையும் அப்போதுதான் கண்டது. மறுகணமே புங்கமரத்துக்குப் பாய்ந்தது. வல்லூறும் பாய்ந்தது. அதன் நகத்தில் சிக்கியது வால்மயிர் ஒரு பிடி மட்டுமே. வரியன் உருண்டு விழுந்து கரைக்கல்லின் இடுக்கில் புகுந்துகொண்டது. மைனாக்கள் கூட்டமாகக் கூச்சலிட்டுத் துரத்த, வல்லூறு வெறுங்காலோடு பறந்தது.

துரத்திவிட்டு வந்த மைனா கல்லிடுக்கில் எட்டிப் பார்த்தது. "வரியாரே! வால் இப்படித் துடைப்பக் குச்சி ஆயிற்றே!"

"நன்றாகச் சிரியும்!" என்றது வரியன், மூச்சு வாங்கியபடி. "சிரிப்பதைக் கேட்க நான் இருக்கிறேனே, அது போதும்!"

ஒருமுறை தவறியதற்காக உலகம் நகைத்தாலும், அந்த நகைப்புக்கு அஞ்சி மறுமுறை ஆராயாமல் நம்புவது உயிருக்கே கேடாகும்.