தாலியை யார் எடுத்துக் கொடுப்பது?

இந்தக் கதையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

வேலங்குளம் என்ற ஊரில் ஏர்முனைக் கட்சி என்று ஒன்று இருந்தது. பகுத்தறிவுக் கட்சி. நல்ல நேரம், ராகு காலம் எதையும் பார்க்காது. அதன் மாவட்டச் செயலாளர் தணிகாசலம் ஊருக்கெல்லாம் அண்ணன். அவருக்குச் சொந்தமாக ஒரு திருமண மண்டபமும் இருந்தது. கறுப்புப் பணத்தை அந்த மண்டபத்து வாடகையாகக் காட்டி வெள்ளையாக்கினார் என்ற சந்தேகத்தில், ஒருநாள் அவரையும் கட்சிக் கவுன்சிலர்கள் இருவரையும் கைது செய்தார்கள். சந்தேகம் எப்படி வந்தது தெரியுமா? ஆடி மாதம் முழுக்கத் தினம் ஒரு கல்யாணம் நடந்ததாக வாடகை காட்டியிருந்தது. ஆடியில் ஊரில் எவன் கல்யாணம் வைப்பான்? பஞ்சாங்கத்தை நம்ப வேண்டாம், பொய் சொல்லும்போதாவது ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

மண்டபத்துக்குச் சீல் வைத்தார்கள். கட்சி இரண்டாக உடைந்தது. நேற்றுவரை 'அண்ணன்' என்றவர்களில் பாதிப்பேருக்கு அவர் 'அந்த ஆள்' ஆகிவிட்டார். பூவராகன் என்பவர் தற்காலிகச் செயலாளராக நாற்காலியில் உட்கார்ந்து, அதை நிரந்தரமாக்க வழி தேடிக்கொண்டிருந்தார்.

இந்தச் சூறாவளி நேரே போய் மோதியது குணாளன் வீட்டில். குணாளன் கட்சிக்கொடி தைக்கும் தையல்காரர், கிளைச் செயலாளர், அப்பழுக்கில்லாத தொண்டர். அவருடைய ஒரே மகள் கயற்கண்ணிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவரே தணிகாசலம்தான். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இவ கல்யாணத்துக்கும் நீங்கதான் தாலி எடுத்துக் குடுக்கணும்" என்று அன்றைக்கே குணாளன் வாக்குக் கொடுத்திருந்தார். பின்னால் அவளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் வாங்கித் தந்ததும் தணிகாசலமே. ஒரு சல்லிக்காசு வாங்கவில்லை. கெட்ட பெயர் எடுத்தவர் நல்லதும் செய்திருப்பார், அதுதான் தொல்லை.

கல்யாணத்துக்குச் சில நாள்களே இருந்தன. சீல் வைத்த அதே மண்டபத்தில்தான் அது நடப்பதாக இருந்தது. மாப்பிள்ளை கதிரேசன் வங்கியில் வேலை பார்ப்பவர். அவருடைய தாயார் கோமளவல்லி, கணவரை இழந்து, ஒற்றை ஆளாக மகனைப் படிக்க வைத்தவர். பணமோசடி வழக்கில் இருப்பவர் பக்கத்தில் என் மகன் மேடையில் நின்றால் அவன் வேலைக்கே உலை வைத்ததாகும், அந்த மனிதர் தாலியைத் தொட்டால் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது.

பூவராகனும் வந்தார். வேறு மண்டபம், பிரியாணி எல்லாம் தன் பொறுப்பு, தானே தலைமை தாங்குகிறேன் என்றார். பதிலுக்கு, தணிகாசலத்தைத் தலைமுழுகிவிட்டோம் என்று குணாளன் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். பழைய தொண்டன் வீட்டுக் கல்யாணம் யார் கையால் நடக்கிறதோ அவர் பக்கம்தான் கட்சி என்று ஊர் பேசும் அல்லவா. குணாளன் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். நெசவாளர் சங்கக் கட்டடத்தைப் பிடித்து, மேடையில் அண்ணனுக்கு ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டுவைப்போம் என்றார். சிறையில் இருப்பவர் எங்கே வரப்போகிறார் என்று கோமளவல்லியும் சம்மதித்தார்.

கல்யாணத்தன்று காலையில் தணிகாசலம் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். சிறை வாசலில் பட்டாசு, பொன்னாடை, திறந்த ஜீப் எல்லாம் காத்திருந்தன. அவர் ஓர் ஆட்டோ பிடித்து நேரே சங்கக் கட்டடத்துக்கு வந்து இறங்கினார். நாதஸ்வரம் நின்றது. கோமளவல்லி எழுந்து, "கதிரேசா, அவர் மேடை ஏறினா நாம இறங்கிடுவோம்" என்றார்.

குணாளன் தாலித் தட்டோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். மகளின் கல்யாணம் நின்றுபோகலாம் என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணே, நான் குடுத்த வாக்கு. வாங்க."

தணிகாசலம் தட்டைத் தொடவில்லை. "கோர்ட்டு ஒரு முடிவு சொல்ற வரைக்கும் இந்தக் கை வேணாம், குணா. உன் வாக்கை உனக்கே திருப்பிக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

விருந்துக்கு வந்திருந்த பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, துண்டைச் சரிசெய்து, மேடைப் படியில் ஒரு காலை வைத்தார். அதற்குள் கயற்கண்ணி மேடையிலிருந்து இறங்கிவந்து அப்பாவின் கையிலிருந்த தட்டை வாங்கி, கோமளவல்லியின் முன்னால் நீட்டினாள்.

"அத்தை, நீங்க எடுத்துக் குடுங்க."

கைம்பெண் என்று மற்ற கல்யாணங்களில் தூண் மறைவில் நின்று பழகியவர் அவர். "நானாம்மா?" என்றார்.

"நீங்கதான்."

கோமளவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாலியை எடுத்து மகன் கையில் கொடுத்தார். மேளம் கொட்டியது. பூவராகன் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு பந்திக்கு நடந்தார். அங்கே தணிகாசலத்துக்குப் பக்கத்து இலைதான் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். பாயசம் நன்றாக இருந்ததால் இருவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

இப்போது சொல்லுங்கள். விழுந்துவிட்ட மனிதரிடமும் வாக்கைக் காப்பாற்றத் துணிந்தார் குணாளன். வந்த மரியாதையை வேண்டாம் என்றார் தணிகாசலம். தட்டை வேறு கைக்குக் கொண்டுபோனாள் கயற்கண்ணி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை இது: குணாளன் நன்றி மறவாதவர், அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். இன்றைக்கும் அவர் தாம் செய்ததே சரி என்று வாதாடுகிறார். மகள் கேட்டுக்கொண்டே அப்பா தட்டில் இன்னொரு தோசை வைக்கிறாள். ஆனால் தொட்டிலில் கிடந்த பெண்ணைக் கேட்காமல் கொடுத்த வாக்கு அது. தணிகாசலம் வாக்கைத் திருப்பிக் கொடுத்ததும் நல்ல காரியமே, என்றாலும் தமக்கு உரிமையில்லாததைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தார். தாலி ஏறப்போவது அவள் கழுத்தில். அன்று அந்தக் கூட்டத்தில் தனக்குச் சொந்தமானதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தவள் கயற்கண்ணி ஒருத்திதான்.