ஆறாம் வகுப்பின் பி.டி. பீரியட்

இன்னாசிமுத்து ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கோடை விடுமுறையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்று நடக்கும் பயிற்சி முகாமுக்கு மற்றவர்கள் வேண்டாவெறுப்பாக வருவார்கள். அவர் மட்டும் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்காருவார்.

முகாமை நடத்தும் வேதவல்லிதான் அதற்குக் காரணம். வேதவல்லி அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் இன்னாசிமுத்து தன் குருவாக நினைத்தது அந்த ஒருவரைத்தான்.

பந்து வேண்டாத, வலை வேண்டாத விளையாட்டுகளை வேதவல்லி சொல்லித் தருவார். ஒன்றில், பிடிபட்டவர் வெளியே போய் உட்காருவதில்லை. துரத்துகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் துரத்துவார். சங்கிலி நீண்டுகொண்டே போகும். இன்னொன்றில், ஆளுக்கொரு துணியை வால்போல இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். தன் வாலைக் காத்தபடியே அடுத்தவர் வாலைப் பறிக்க வேண்டும். தொப்பை விழுந்த ஆசிரியர்கள்கூட வெட்கத்தை விட்டுவிட்டு ஓடுவார்கள். இன்னாசிமுத்து மூச்சிரைக்கச் சிரிப்பார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வருடம் அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட அழைத்தபோது முழங்காலைத் தொட்டுக் காட்டித் தலையசைத்துவிட்டார்.

மதியம் எல்லோரும் சாப்பிடக் கலைந்த பிறகு வேதவல்லியிடம் வந்து நின்றார்.

“ஒண்ணு கேக்கணும் மேடம்.”

“உக்காருங்க சார்.”

அவர் உட்காரவில்லை.

“நீங்க சொல்லிக் குடுத்ததை எல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னுதான் போனேன். கிரவுண்டுல புதுக் கட்டடம் வருது. மிச்ச இடத்துல ஜல்லி கிடக்கு. பெரிய வகுப்பு பி.டி. பீரியடை எல்லாம் கணக்குக்கும் சயின்ஸுக்கும் குடுத்துட்டாங்க. எனக்கு ஆறாவது மட்டும்தான். அவங்களையும் சத்தம் இல்லாம வச்சிருக்கணும்.”

“வச்சிருக்கீங்களா?”

“வச்சிருக்கேன்.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

ஒரு தடவை வராந்தாவில் சங்கிலி விளையாட்டை ஆடவிட்டிருக்கிறார். தலைமையாசிரியர் வந்துவிட்டார். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவரோ இன்னாசிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். “பக்கத்துல பாடம் நடக்குது சார். ரிசல்ட் குறைஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க.” அதற்குப் பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு நேரத்தில் கைகட்டி, வரிசையாக, மணி அடிக்கும்வரை தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

“வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்” என்றார் இன்னாசிமுத்து. “காலையில எந்திரிச்சா அந்தப் பக்கம் போகவே கால் வரமாட்டேங்குது. போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இந்த மாதிரி இடத்துக்குன்னு ஒரு விளையாட்டு இருக்கா?”



“பள்ளிக்கூடம் திறக்கட்டும். நானே வர்றேன்” என்றார் வேதவல்லி.

சொன்னபடியே ஆனி மாதத்தில் ஒருநாள் வந்தார். தலைமையாசிரியரிடம் பேசி, புதுக் கட்டடத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவரை ஒட்டிக் கிடந்த இடத்தைக் கேட்டு வாங்கினார். நீளமான, கல் இல்லாத மண் தரை. முன்பக்கம் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் எந்த வகுப்புக்கும் கேட்காது.

ஆறாம் வகுப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்தான்; பள்ளி திறந்த சில வாரங்களிலேயே அவர்களும் பழகிப்போயிருந்தார்கள். வாயில் விரல் வைத்தபடி ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். யாரும் சொல்லாமலே கைநீட்டி இடைவெளி பார்த்து வரிசை வரிசையாக நின்றார்கள்.

இன்னாசிமுத்துவுக்கு மனசு லேசானது. குரு நேரிலேயே வந்துவிட்டார். இந்த இடத்துக்கென்றே ஏதோ யோசித்து வந்திருப்பார்.

வேதவல்லி பிள்ளைகளின் முன்னால் போய் நின்றார்.

“இந்த பீரியட் முழுக்க உங்களுக்குத்தான். விளையாடுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். நடந்துபோய், சுவரோரம் அடுக்கியிருந்த செங்கல் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளைகள் நின்றார்கள்.

இன்னாசிமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஏதாவது செய்வார் என்று வேதவல்லியைப் பார்த்தார். அவர் செங்கல்லிலிருந்து எழுந்திருக்கவில்லை.

வெயில் ஏறியது. ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?”

“போயிட்டு வா.”

போனாள். திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே கால் வைத்து நின்றுகொண்டாள்.

இரண்டாம் வரிசையில் ஒருவன் பக்கத்தில் நின்றவனின் முதுகைச் சட்டென்று தொட்டுவிட்டுப் பின்வாங்கினான். தொடப்பட்டவன் சிரித்தான். திருப்பித் தொடக் கை நீட்டினான். அப்படியே நிறுத்தி, சார் பக்கம் திரும்பினான். சார் செங்கல் அடுக்கு இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கையை இறக்கிக்கொண்டான். முகத்திலிருந்த சிரிப்பும் போய்விட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. கண்ணாடி போட்ட ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், கிளாசுக்கே போயிடட்டா? கணக்கு மிச்சம் இருக்கு.”

 இன்னாசிமுத்து வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். விளையாட்டு நேரத்தை விட்டுக் கணக்குப் போடப் போகிறேன் என்று ஒரு பிள்ளை கேட்பதை அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டதில்லை. மறுபடி வேதவல்லியைப் பார்த்தார். இப்போதாவது எழுந்து வரமாட்டாரா என்று இருந்தது.

வேதவல்லி எழுந்து வரவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் திரும்பி, வாயில் விரல் வைத்துக்கொண்டு வந்த வரிசையிலேயே போனார்கள். மண் தரையில் அவர்கள் வந்துபோன வழியிலும் நின்ற இடங்களிலும் மட்டும் கால் தடம் இருந்தது.

இன்னாசிமுத்து அங்கேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“பாத்தீங்களா மேடம்? இடம் இருந்துச்சு. நேரம் இருந்துச்சு. கேக்க ஆளில்லை. விளையாடுங்கன்னு வாய்விட்டுச் சொன்னீங்க. அதுக்கப்புறமும் ஆடத் தெரியல. பிள்ளைங்க செத்துப்போச்சு மேடம். நான் போறதுதான் சரி.”

வேதவல்லி எழுந்து சேலையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டினார்.

“நீங்களாவது ஏதாவது செஞ்சிருக்கலாம்” என்றார் இன்னாசிமுத்து. முதல் முறையாக அவர் குரலில் கோபம் இருந்தது. “அவ்வளவு தூரத்துலேருந்து வந்துட்டு, சும்மா உக்காந்திருந்தீங்களே.”

“இந்த பீரியட் முழுக்க நீங்க எங்க சார் பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

“உங்களைத்தான். நீங்க ஆரம்பிப்பீங்க, ஆரம்பிப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“பிள்ளைங்க யாரைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க?”

“என்னைத்தான்” என்றார் இன்னாசிமுத்து.