தொண்ணூற்றேழு சீல்

"இந்த சீலைக் கொண்டுபோய்க் கடல்ல வீசிடப் போறேன், அம்மா!"

கையில் ரப்பர் ஸ்டாம்புடன் பின்வாசல் படிக்கு வந்து கத்தினான் ஆதிமூலம். உலகக் கண்காட்சியில் நம் நாட்டு அரங்கத்துக்கு அவன்தான் பொறுப்பு. ஆறு மாதக் கண்காட்சிக்கு அன்று கடைசி நாள்.

படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார் அவனுடைய குரு வடிவாம்பிகை. அவன் வயதுதான் அவருக்கும். ஆனாலும் குரு குருதான். டிக்கெட் எடுத்து அவரை வரவழைத்ததே அவன்தான்.

"வீசு. யார் தடுத்தா?"

அவனுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"கடல் தின்ன பதினோரு ஊர், அம்மா. அந்த ஜனங்களோட குரலைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். மூணு வருஷ உழைப்பு. இன்னிக்காவது ஒருத்தன் நின்னு கேக்க மாட்டானான்னு பாக்கறேன். நுழையறான், சீல் எங்கேங்கறான், குத்திக்கறான், ஓடறான்!"

அங்கே அப்படி ஒரு வழக்கம். பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம் விற்பார்கள். அரங்கத்துக்கு ஒரு சீல். பக்கமெல்லாம் நிரம்பிவிட்டால் உலகத்தையே பார்த்துவிட்டதாகப் பெருமை. வெட்கங்கெட்ட பெருமை.

"கோபம் ஜனங்க மேலயா?" என்றார் குரு.

"இந்த உலகக் கண்காட்சிங்கற கூத்து மேலயே கோபம். நூறு வருஷத்துக்கு மேல நடத்தறாங்க. முதல்ல நீராவி எஞ்சினைக் காட்டினாங்க. ஜனம் வாயைப் பிளந்துக்கிட்டுப் பாத்துது. அது சலிச்சதும் மனுஷனையே காட்டினாங்க. அடிமை நாடுகள்லேர்ந்து குடும்பம் குடும்பமா கொண்டாந்து, குடிசை போட்டு, வேலி கட்டி உக்கார வச்சாங்க! அப்புறம் நாளைய உலகம்னு கண்ணாடிக் கட்டடம். இப்ப நாட்டுக்கு நாடு விளம்பரம். நினைச்சா வயிறு எரியுது."

"எதை நினைச்சா?"

"அந்த வேலியை நினைச்சாத்தான். உள்ளே இருந்தவங்ககிட்ட ஒருத்தனாவது ஒரு வார்த்தை பேசியிருப்பானா?"

குரு கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

"உன் புத்தகத்தைக் காட்டு."

ஆதிமூலம் தயங்கினான். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். உள்ளே தொண்ணூற்றேழு சீல்.

"சும்மா... வேலைக்கு நடுவுல..."

குரு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இது பக்கத்து அரங்கம். ஒத்தை அறை. போனியா?"

"முதல் நாளே போனேன்."

"உள்ளே என்ன இருக்கு?"

யோசித்தான். நீல மை ஞாபகம் வந்தது. ஒரு மேஜை ஞாபகம் வந்தது.

"ஏதோ தீவு நாடு... ஒரு அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

அவன் குனிந்து அந்தப் பக்கத்து நீல முத்திரையைப் பார்த்தான்.

"காலையிலேர்ந்து அங்கேதான் இருந்தேன்." குருவின் குரல் இப்போது சுள்ளென்று வந்தது. "அவங்க கொள்ளுப்பாட்டியை இப்படி ஒரு கண்காட்சியிலதான் வேலிக்குள்ள உக்கார வச்சாங்களாம். ஊர் திரும்பவே இல்லை. அதைச் சொல்லத்தான் ஆறு மாசமா நிக்கறாங்க. முழுசாக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்."

அவன் முகம் செத்துப்போனது. ஊர் மேலிருந்த அத்தனை கோபமும் அப்படியே அவன் மேலேயே திரும்பியது.

இன்னும் அரை மணியில் எல்லா அரங்கங்களும் மூடப்படும் என்று ஒலிபெருக்கி சொன்னது.

ஸ்டாம்பைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினான்.

ஒற்றை அறையில் அந்த அம்மாள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எதிரே வந்து நின்றவனை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சீலை மையில் ஒற்றி எடுத்துக்கொண்டு, புத்தகத்துக்காகக் கையை நீட்டினார்.