மூடிக்குள் மயில்

கோயம்புத்தூர் ஏலக்கூடம் ஒன்றில் பழைய கடிகாரங்களைத் தட்டில் ஏந்திக் காட்டுவது பூவாத்தாளின் வேலை. அன்று அவள் ஒரு வெள்ளிப் பாக்கெட் கடிகாரத்தைக் காட்டியதும், ஜமீன் வாரிசு சேதுரத்தினம் துள்ளி எழுந்தார்.

"அது எங்க கொள்ளுத்தாத்தாவோடது! திருட்டுப் பொருள். இங்கே கொடு!"

விற்க வந்திருந்த ஜெபமணி அம்மாளின் முகம் வெளிறியது. அது இறந்துபோன தன் கணவரின் கடிகாரம் என்றார் அவர். ஏலக்காரரோ ஜமீனுக்குப் பயந்து சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

பூவாத்தாள் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இந்தம்மா வூட்டுக்காரரோடதுன்னு சொல்றாங்களே?"

"அப்படின்னா எங்களுது இல்லைன்னு நீ நிரூபி! முடியாட்டி போலீஸைக் கூப்பிடுவேன்."

"நான் எங்கீங்க நிரூபிக்கறது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, குடுத்தர்றேன். மூடிக்குள்ள இருக்கிற மயிலு எந்தப் பக்கம் பார்க்குதுங்க?"

"இடது பக்கம்! கொள்ளுத்தாத்தா மடியில உக்காந்து எத்தனை தடவை பார்த்திருக்கேன்!"

பூவாத்தாள் மூடியைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டினாள். மயிலும் இல்லை, இறகும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லாத வெறும் வெள்ளித் தகடு.

"யாரோ அழிச்சுட்டாங்க!" என்றார் சேதுரத்தினம்.

"அழிக்கலீங்க. உங்க கடிகாரம் மயிலோட வேற எங்கியோ இருக்குது. போய்த் தேடிப் பாருங்க. இதை நாங்க ஏலம் விட்டுக்கறோம்."

கூடமே சிரித்தது. சேதுரத்தினம் வாசலைத் தாண்டும்போது, பின்வரிசையில் யாரோ மயில் மாதிரி அகவினார்கள்.